விழித்திரை விலகல் அறுவை சிகிச்சைக்குப் பின் தலையையும் உடலையும் வைத்திருக்க வேண்டிய நிலை

விழித்திரை விலகலுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பலரிடம் மருத்துவர் ஒரு தனி அறிவுரையைக் கூறுவார். ஒருவரிடம் "சில நாள்கள் குப்புறப் படுக்க வேண்டும்" என்பார். மற்றொருவரிடம் "இடப்பக்கம் சாய்ந்தே படுக்க வேண்டும்" என்பார். ஏறத்தாழ அனைவரிடமும் "மல்லாந்து படுக்கக் கூடாது" என்பார். இது ஓய்வெடுப்பதற்கான பொதுவான அறிவுரை அன்று. அறுவை அரங்கில் தொடங்கிய சிகிச்சையின் மீதிப் பகுதி வீட்டில்தான் நடைபெறுகிறது. அதை நடத்துபவர் நோயாளி. துணை நிற்பவர்கள் குடும்பத்தினர்.

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகிய பகுதிகளில் வாழும் நோயாளிகளையும் அவர்களுடன் இருப்போரையும் மனத்திற்கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. சிறிய வீடு, பாய்ப் படுக்கை, கடல் தொழில், துறைமுக வேலை, தொழிற்சாலைப் பணி ஆகிய சூழல்களில் இந்நிலையை எவ்வாறு கடைப்பிடிப்பது என்பதை இங்கே காணலாம். உங்கள் அறுவை மருத்துவர் கூறியதற்கும் இப்பக்கத்தில் உள்ளதற்கும் வேறுபாடு இருப்பின், மருத்துவர் கூறியதையே பின்பற்றவும்.

விழித்திரை விலகல் என்றால் என்ன?

கண்ணின் உட்புறச் சுவரில் மெல்லிய தாள்போல் ஒட்டியிருக்கும் நரம்புப் படலமே விழித்திரை. ரெட்டினா என்றும் இது அழைக்கப்படுகிறது. நாம் காணும் காட்சி இதன்மேல்தான் பதிகிறது. இப்படலத்தில் ஒரு கிழிசல் ஏற்பட்டால், கண்ணுக்குள் இருக்கும் நீர் அக்கிழிசல் வழியே பின்புறம் புகுந்து, சுவரிலிருந்து படலத்தைப் பிரித்துவிடும். பிரிந்த பகுதிக்கு ஊட்டம் குறைவதால் அதன் பார்வைத் திறன் நாளுக்கு நாள் கெடும்.

கண் முன் திடீரெனக் கரும்புள்ளிகள் மிதத்தல், மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, ஒரு பக்கத்திலிருந்து திரை மூடுவது போன்ற நிழல் ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலும் வலி இராது. அதனாலேயே பலர் தாமதமாக வருகின்றனர். அதிக அளவு கிட்டப்பார்வை உள்ளவர்கள், முன்பு கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கண்ணில் பலத்த அடிபட்டவர்கள், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இதன் வாய்ப்பு கூடுதல்.

விழித்திரை விலகல் அவசர சிகிச்சைக்குரியது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் உள்ளது. "தடைக்காலம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று கடல் தொழில் செய்வோர் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. பார்வையின் மையமாகிய மாக்குலா விலகுவதற்கு முன் அறுவை செய்தால் கிடைக்கும் பார்வையை, அது விலகிய பின் செய்யும் அறுவையால் முழுமையாகப் பெறுவது கடினம்.

குமிழி செய்யும் வேலை

விட்ரெக்டமி எனப்படும் அறுவையில், கண்ணின் நடுவில் உள்ள கூழ்மம் அகற்றப்படுகிறது. விழித்திரை மீண்டும் சுவரோடு பொருத்தப்பட்டு, கிழிசலைச் சுற்றி லேசர் ஒளியாலோ உறைகுளிர் முறையாலோ தழும்பு உண்டாக்கப்படுகிறது. இத்தழும்பு உறுதிப்பட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதுவரை கிழிசல் வழியே மீண்டும் நீர் புகாமல் தடுக்க வேண்டும். அதற்காகவே கண்ணுக்குள் வாயுக் குமிழி அல்லது சிலிக்கோன் எண்ணெய் நிரப்பப்படுகிறது.

கொத்தனாரும் ஃபிட்டரும் பயன்படுத்தும் ரசமட்டத்தை நினைத்துப் பாருங்கள். கருவியை எப்படிச் சாய்த்தாலும் அதனுள் இருக்கும் குமிழி உயர்ந்த பக்கத்திற்கே ஓடும். உங்கள் கண்ணுக்குள் இருக்கும் குமிழியும் அவ்வாறே எப்போதும் மேல்நோக்கிச் செல்லும். ஆகவே, கிழிசல் உள்ள இடம் கண்ணின் மிக உயர்ந்த இடமாக இருக்குமாறு தலையை வைத்தால், குமிழி அங்கே போய் அமர்ந்து கிழிசலை அடைத்துக்கொள்ளும். தலை மாறினால் குமிழியும் இடம் மாறிவிடும். குமிழியைக் கண்ணுக்குள் வைத்தவர் மருத்துவர். அதைச் சரியான இடத்தில் நிறுத்தி வைப்பது உங்கள் தலை.

அறுவைக்கு முன் ஒரு நிலை, பின் மற்றொரு நிலை

சிலருக்கு அறுவைக்காகக் காத்திருக்கும் நாளிலேயே ஒரு படுக்கை நிலை கூறப்படும். அது அறுவைக்குப் பின் கூறப்படும் நிலைக்கு நேர் எதிராக இருக்கலாம். இதனால் குடும்பத்தினர் குழப்பம் அடைவது உண்டு. காரணம் எளிது. அறுவைக்கு முன் கண்ணில் இருப்பது நீர். அது கீழ்நோக்கி இறங்கும். எனவே நீர் மையப் பகுதிக்குப் பரவாதவாறு, விலகிய பக்கம் கீழே இருக்கும்படி படுக்கச் சொல்வார்கள். அறுவைக்குப் பின் கண்ணில் இருப்பது குமிழி. அது மேல்நோக்கி ஏறும். எனவே கிழிசல் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி படுக்கச் சொல்வார்கள். முன்பு கூறப்பட்ட நிலையை அறுவைக்குப் பின்னரும் தொடராதீர்கள்.

யாருக்கு எந்த நிலை?

கிழிசல் இருக்கும் இடத்தைப் பொறுத்து நிலை மாறும். பொதுவான முறை பின்வருமாறு:

- கிழிசல் விழித்திரையின் மேற்பகுதியில் இருந்தால்: பகலில் நிமிர்ந்து உட்கார்ந்திருத்தல், இரவில் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுத்தல்.
- வலக் கண்ணில் காதுப் பக்கம் கிழிசல் இருந்தால்: வலப்பக்கம் மேலே இருக்குமாறு, இடப்பக்கம் சாய்ந்து படுத்தல். அதே கண்ணில் மூக்குப் பக்கம் கிழிசல் இருந்தால் வலப்பக்கம் சாய்ந்து படுத்தல். இடக் கண்ணிற்கு இவை மாறி அமையும்.
- கிழிசல் கண்ணின் பின்பகுதியில் இருந்தால், அல்லது மாக்குலாவும் விலகியிருந்தால்: முகம் தரையை நோக்குமாறு குப்புற இருத்தல்.
- கிழிசல் கீழ்ப்பகுதியில் இருந்தால்: குமிழி அங்கே சென்று அமர்வது கடினம். எனவே மருத்துவர் எண்ணெய் நிரப்புதல், கண்ணின் வெளிப்புறம் பட்டை பொருத்துதல் போன்ற வேறு வழிகளையும் சேர்த்துக் கையாள்வார். நிலையையும் தனியாகக் கூறுவார்.

சிலருக்கு முதல் நாள் குப்புறவும், அடுத்த நாள்களில் ஒரு பக்கம் சாய்ந்தும் இருக்கச் சொல்வார்கள். மாக்குலா வரை விலகல் பரவியிருந்த நோயாளிகளிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2020ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அறுவை முடிந்த முதல் நாள் குப்புற இருந்தவர்களுக்கு விழித்திரை சற்று இடம் நகர்ந்து ஒட்டிக்கொள்வது குறைவாகவே காணப்பட்டது. முதல் சில மணி நேரத்தை மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிப்புறப் பட்டை மட்டும் பொருத்தி, வாயுவோ எண்ணெயோ நிரப்பப்படாதவர்களுக்குப் பெரும்பாலும் இத்தகைய கடுமையான நிலை தேவைப்படாது. ஆகவே, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்ட நிலையை உங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இருக்கும் இருவருக்குக்கூட எதிரெதிரான நிலைகள் சரியானவையாக இருக்கலாம்.

மல்லாந்து படுப்பதை ஏன் தவிர்க்க வேண்டும்? மல்லாந்து படுக்கும்போது குமிழி கண்ணின் முன்பகுதிக்கு ஏறி, கண்வில்லையைத் தொட்டு நிற்கும். கிழிசல் அடைபடாமல் போவதுடன், கண்ணழுத்தம் உயரவும் புரை விரைவாக வளரவும் வாய்ப்பு உண்டு. எண்ணெய் நிரப்பப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

எவ்வளவு நேரம்? எத்தனை நாள்?

முதல் சில நாள்கள் மிக முக்கியமானவை. பலருக்கு 5 முதல் 10 நாள்கள் வரை நிலை கூறப்படும். சிலருக்கு 1 அல்லது 2 நாள்களே போதும். குப்புற இருக்க வேண்டியவர்களுக்கு, ஒவ்வொரு மணி நேரத்திலும் 50 நிமிடம் நிலையில் இருந்து 10 நிமிடம் இடைவெளி எடுத்துக்கொள்ளப் பல மருத்துவர்கள் அனுமதிக்கின்றனர். உணவு, கழிப்பறை, சொட்டு மருந்து ஆகியவற்றை அந்த இடைவெளியில் முடித்துக்கொள்ளலாம்.

தூக்கத்தில் சில நிமிடம் புரண்டுவிட்டால் அச்சம் கொள்ள வேண்டாம். விழித்தவுடன் மீண்டும் சரியான நிலைக்குத் திரும்பவும். ஒரு முறை தவறியதற்காக முயற்சியைக் கைவிடுவதுதான் தீங்கு.

வீட்டில் இடம் ஒழுங்கு செய்தல்

குப்புற இருப்பதற்கென விலை உயர்ந்த நாற்காலியோ தனிப் படுக்கையோ தேவையில்லை. ஓர் அறை மட்டுமே உள்ள வீட்டிலும், குடியிருப்பு வாரியக் குடியிருப்பிலும் இதைச் செய்ய முடியும். அறுவைக்கு முந்தைய நாளே இடத்தைத் தயார் செய்துவிட்டால், திரும்பி வந்தவுடன் அலைய வேண்டியிராது.

முகத்திற்கான வளையம்: சுமை தூக்குவோரும் மீன்கூடை சுமக்கும் பெண்களும் தலையில் வைக்கும் சும்மாட்டைப் போல, ஆனால் அதைவிடப் பெரியதாக, துவைத்த பழைய பருத்திப் புடவை அல்லது வேட்டியைச் சுருட்டி வளையமாகச் சுற்றவும். நெற்றியும் கன்ன எலும்புகளும் வளையத்தின் மேல் தாங்கி நிற்க வேண்டும். கண், மூக்கு, வாய் ஆகியவை வளையத்தின் வெற்றிடத்தில் இருக்க வேண்டும். அறுவை செய்த கண்ணின் மேல் துணியோ தலையணையோ ஒருபோதும் அழுத்தக் கூடாது. மூச்சு விடத் தடை இருக்கக் கூடாது. வளையத்தின் மேல் உறையாகச் சுற்றும் துணியை நாள்தோறும் மாற்றவும்.

உட்கார்ந்த நிலை: ஒரு நாற்காலியில் அமர்ந்து, எதிரே உள்ள மேசை, பெட்டி அல்லது ஸ்டூலின் மேல் தலையணைகளை அடுக்கி, அதன்மேல் வளையத்தை வைத்து நெற்றியைச் சாய்க்கலாம். முதுகு அதிகம் வளையாத அளவுக்கு உயரத்தைச் சரிசெய்துகொள்ளவும். தரையில் அமர்பவர்கள் குறுகிய பலகை அல்லது பெட்டியைப் பயன்படுத்தலாம்.

படுத்த நிலை: பாயின்மேல் மெத்தை அல்லது மடித்த போர்வைகளை விரித்து, மார்பின் கீழ் ஒரு தலையணையும், கணுக்காலின் கீழ் ஒரு சிறு சுருளும் வைத்தால் கழுத்தும் கால்விரல்களும் நோகாது.

காற்றும் வெப்பமும்: கோடையில் குப்புற இருப்பவருக்கு வியர்வை கண்ணுக்குள் வழியும். மின்விசிறியின் காற்று நேராக முகத்தில் படாமல் உடல்மீது படுமாறு வைக்கவும். சரக்கு லாரிகள் செல்லும் சாலையோர வீடுகளில் தூசி மிகுதி. சாலைப் பக்கச் சன்னலை மூடி, தரையை ஈரத்துணியால் துடைக்கவும். நோயாளி இருக்கும்போது துடைப்பத்தால் பெருக்குவதைத் தவிர்க்கவும்.

மழைக்காலம்: வடகிழக்குப் பருவமழையின்போது தரைத்தள வீடுகளில் நீர் புகும் பகுதிகள் வடசென்னையில் பல உள்ளன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இதைக் கண்டோம். உங்கள் தெருவில் நீர் தேங்குவது வழக்கமெனில், நிலை கடைப்பிடிக்க வேண்டிய நாள்களில் மேல்தளத்திலோ உறவினர் வீட்டிலோ தங்க முன்கூட்டியே ஏற்பாடு செய்யவும்.

அன்றாடச் செயல்கள்

உணவு: தட்டை மடியிலோ தாழ்ந்த ஸ்டூலிலோ வைத்துக்கொண்டால் தலையைக் குனிந்தபடியே உண்ணலாம். நீர், கஞ்சி, மோர் ஆகியவற்றை உறிஞ்சுகுழாய் மூலம் பருகலாம். மலச்சிக்கல் ஏற்படாதவாறு கீரை, பழம், போதிய நீர் சேர்த்துக்கொள்ளவும்; முக்குவதைத் தவிர்க்கவும். மலச்சிக்கல் நீடித்தால் மருத்துவரிடம் கூறவும்.

கழிப்பறை: நடக்கும்போது பார்வை தரையை நோக்கியிருக்கட்டும். ஒரு கண் மூடப்பட்டிருப்பதால் படிக்கட்டின் ஆழம் சரியாகத் தெரியாது. பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவோருக்கும், படியேறி இறங்குவோருக்கும் ஒருவர் கைப்பிடித்து உடன் செல்ல வேண்டும்.

குளியல்: கழுத்துக்குக் கீழ் குளிக்கலாம். தலைக்குக் குளிப்பதை மருத்துவர் அனுமதிக்கும் வரை தவிர்க்கவும். எண்ணெய்க் குளியல் கூடாது. முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் போதும்.

சொட்டு மருந்து: இடுவதற்கு முன் கைகளைச் சோப்பால் கழுவவும். நோயாளி உட்கார்ந்து சற்று அண்ணாந்து பார்க்க, கீழ் இமையை மெல்ல இழுத்து ஒரு சொட்டு விடவும். குப்பியின் முனை கண்ணைத் தொடக் கூடாது. இரு மருந்துகளுக்கு இடையே குறைந்தது 5 நிமிடம் இடைவெளி விடவும். முடிந்ததும் மீண்டும் உரிய நிலைக்குத் திரும்பவும். இச்சில நிமிடங்களால் கேடில்லை. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு போன்றவற்றைக் கண்ணில் விடுவது கடும் தொற்றுக்கு வழிவகுக்கும். அவற்றை அறவே தவிர்க்கவும்.

எடை தூக்குதல்: தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை, மீன்பெட்டி ஆகியவற்றைத் தூக்கக் கூடாது. லாரித் தண்ணீர் பிடிக்கும் பணியை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும்.

தூக்கம்: பக்கவாட்டில் படுக்க வேண்டியவர்கள் மல்லாந்து புரளாமல் இருக்க, முதுகை ஒட்டி உருட்டிய போர்வையை வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனை தந்த கண் மூடியை இரவில் அணியவும்.

உடலின் பிற பகுதிகளைக் காத்தல்

நீண்ட நேரம் ஒரே நிலையில் இருப்பதால் வேறு துன்பங்கள் வரலாம்.

- இரத்தம் உறைதல்: கால்களை அசைக்காமல் கிடந்தால் கெண்டைக்காலில் இரத்தம் உறையக்கூடும். மணிக்கு ஒரு முறை கணுக்காலை மேலும் கீழும் 10 முறை அசைக்கவும். இடைவெளியில் வீட்டுக்குள் சிறிது நடக்கவும்.
- முழங்கை: முழங்கையைத் தரையில் ஊன்றியபடி நெடுநேரம் இருந்தால் சுண்டுவிரல் மரத்துப்போகும். முழங்கையின் கீழ் மடித்த துணி வைக்கவும்.
- கழுத்தும் இடுப்பும்: உட்கார்ந்த நிலையையும் படுத்த நிலையையும் மாற்றி மாற்றிக் கடைப்பிடிக்கவும். முகத்தின் கோணம் சரியாக இருந்தால், உடல் எந்த அமைப்பில் இருந்தாலும் கேடில்லை.
- நீரிழிவு, இரத்த அழுத்தம்: மாத்திரை, இன்சுலின், உணவு நேரம் எதையும் தவற விடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மருந்து பெறுவோர், வீட்டுக்கு வரும் பணியாளரிடம் அறுவை சிகிச்சை பற்றித் தெரிவிக்கவும்.

ஆஸ்துமா, இதயநோய், மிகுந்த உடற்பருமன், முதுகெலும்பு நோய், கருவுற்ற நிலை ஆகியவை இருப்பின் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கூறவும். உங்களால் கடைப்பிடிக்க முடியாத நிலையை மௌனமாக ஏற்றுக்கொள்வதைவிட, "என்னால் இவ்வாறு இருக்க இயலாது" என்று முன்கூட்டியே சொல்வது நல்லது. மாற்று வழி இருப்பின் மருத்துவர் அதைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

கண்ணில் வாயு இருக்கும் வரை கட்டாயம் தவிர்க்க வேண்டியவை

வாயுவுக்குச் சுற்றுப்புற அழுத்தம் குறைந்தால் விரிவடையும் இயல்பு உண்டு. கண்ணுக்குள் வாயு விரிந்தால் கண்ணழுத்தம் கடுமையாக உயர்ந்து, விழித்திரைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டுப் பார்வை நிரந்தரமாக இழக்கப்படலாம். படுக்கை நிலை முடிந்த பின்னரும், கண்ணில் வாயு எஞ்சியிருக்கும் வரை இந்த ஆபத்து நீடிக்கும்.

- விமானப் பயணம் கூடாது.
- மலைப்பயணம் கூடாது. சென்னை கடல்மட்டத்தில் உள்ளது. உதகை 2,200 மீட்டருக்கும் மேலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரும் உயரம் கொண்டவை. மலை என்று நாம் கருதாத பெங்களூருவும் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. பார்வை திரும்பியதற்கு நன்றிக் காணிக்கை செலுத்தத் திருமலைக்குச் செல்ல விரும்புவோர், ஏறத்தாழ 850 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்கு வாயு முழுதும் கரைந்ததாக மருத்துவர் உறுதி செய்த பின்னரே செல்லவும். வேண்டுதல் காத்திருக்கலாம்; கண் காத்திருக்காது.
- கடலில் மூழ்குதல், படகின் அடிப்பகுதியைச் சரிபார்க்க நீரில் இறங்குதல், துறைமுக மூழ்குபணி ஆகியவை கூடாது.
- நைட்ரஸ் ஆக்சைடு எனப்படும் மயக்க வாயு தரப்படக் கூடாது. அது கண்ணில் உள்ள குமிழிக்குள் புகுந்து அதை விரிவடையச் செய்யும். விபத்து, பிரசவம், பல் சிகிச்சை என எக்காரணத்திற்காக மருத்துவமனை சென்றாலும், "என் கண்ணில் வாயு உள்ளது" என்று முதலிலேயே கூறவும். மருத்துவமனை தந்த மணிக்கட்டுப் பட்டையையோ அட்டையையோ கழற்றாமல் வைத்திருக்கவும்.

சாதாரணக் காற்று ஏறத்தாழ 1 வாரத்திலும், சல்பர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயு 2 முதல் 3 வாரத்திலும், பெர்ஃபுளோரோபுரொப்பேன் வாயு 6 முதல் 8 வாரத்திலும் கரையும். சிலிக்கோன் எண்ணெய் தானாகக் கரையாது. பொதுவாகச் சில மாதங்களுக்குப் பின் மற்றொரு அறுவையால் அகற்றப்படும். எண்ணெய் மட்டும் உள்ளவர்களுக்கு உயரத்தால் விரிவடையும் ஆபத்து இல்லை. எனினும் உங்கள் கண்ணில் உள்ளது எது என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே பயணம் செய்யவும்.

குமிழி கரைவதை எவ்வாறு அறிவது?

முதல் நாள்களில் அறுவை செய்த கண்ணில் வெளிச்சமும் கையசைவும் மட்டுமே தெரியலாம். இது எதிர்பார்க்கப்படுவதே. குமிழி சிறுக்கும்போது, பாதி நிரம்பிய கண்ணாடிக் குவளையில் நீர்மட்டம் ஆடுவது போல ஒரு கோடு தெரியும். கண் பிம்பத்தைத் தலைகீழாகப் பதிவதால், உண்மையில் மேலே இருக்கும் குமிழி உங்களுக்குக் கீழே இருப்பதாகத் தோன்றும். நாள்கள் செல்லச் செல்ல அக்கோடு கீழிறங்கி, மேற்புறத்தில் தெளிவு கூடும். இறுதியில் அது சிறு உருண்டையாகி, சில வேளைகளில் பல துளிகளாகப் பிரிந்து மறையும். உருண்டை தெரியவில்லை என்று நீங்களே முடிவு செய்யாமல், மருத்துவர் பரிசோதித்துச் சொல்லும் வரை தடைகளைத் தொடரவும்.

உடனிருப்போர் கவனத்திற்கு

குப்புற இருப்பவர் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் நாள் முழுதும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் மூன்றாம் நாளில் எரிச்சலும் சோர்வும் ஏற்படுவது இயல்பு. வானொலி, பாட்டு, கைப்பேசியில் கேட்கும் செய்தி, அருகில் அமர்ந்து பேசுதல் ஆகியவை பெரிதும் உதவும். கைப்பேசியைத் தரையில் வைத்து மறு கண்ணால் பார்ப்பதாலும் கேடில்லை. நலம் விசாரிக்க வருவோர் "எழுந்து உட்காருங்கள்" என்று வற்புறுத்தாமல் இருக்க, காரணத்தை நீங்களே அவர்களுக்கு எடுத்துக் கூறவும். சொட்டு மருந்து நேரத்தையும் நிலை மாற்றத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டவும். ஒரே ஒருவர்மீது முழுப் பொறுப்பையும் சுமத்தாமல், பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் எனப் பகிர்ந்துகொள்ளவும்.

பயணமும் பணிக்குத் திரும்புதலும்

மறுபரிசோதனைக்கு இருசக்கர வாகனத்தில் செல்வதைத் தவிர்க்கவும். திருவொற்றியூர், விம்கோ நகர் பகுதியினர் மெட்ரோ இரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கே மாறி எழும்பூர் செல்லலாம். உடன் ஒருவர் வருவது கட்டாயம். அமர்ந்து, மருத்துவர் கூறிய கோணத்தில் தலையை வைத்துக்கொள்ளவும்.

கண்ணில் குமிழி இருக்கும்போது வாகனம், கிரேன், ஃபோர்க்லிஃப்ட் ஆகியவற்றை ஓட்டக் கூடாது. உயரத்தில் ஏறும் பணி, கொள்கலன் கட்டும் பணி, விசைப்படகுப் பணி ஆகியவற்றுக்கு மருத்துவர் எழுத்து வழி அனுமதி தந்த பின்னரே திரும்பவும். அதன்பின் உலோகம் வெட்டுதல், சுத்தியல் அடித்தல், வெல்டிங் ஆகியவற்றின்போது பாதுகாப்புக் கண்ணாடியை எப்போதும் அணியவும்.

தினக்கூலி இழப்புக்கு அஞ்சியே பலர் நிலையைப் பாதியில் விடுகின்றனர். தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தில் பதிவு பெற்று, உரிய பங்களிப்பு செலுத்தப்பட்ட தொழிலாளர்கள், மருத்துவச் சான்றின் பேரில் ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள் வரை நோய்க்கால உதவியாகப் பெறலாம். அறுவை நாளன்றே சான்று கேட்டுப் பெறவும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

- மாத்திரைக்கும் அடங்காத கடும் கண்வலி, தலைவலி. அதனுடன் குமட்டல் அல்லது வாந்தி
- தெரிந்துகொண்டிருந்த பார்வை திடீரெனக் குறைதல்
- நாளுக்கு நாள் கூடும் சிவப்பு, இமை வீக்கம், சீழ்
- புதிதாக மின்னல் ஒளி, கரும்புள்ளிகள், திரை போன்ற நிழல், இரு கண்களில் எதில் தோன்றினாலும்
- ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது மூச்சுத் திணறல்

இவற்றுள் எது தோன்றினாலும், இரவானாலும் விடுமுறையானாலும் காத்திருக்க வேண்டாம்.

எங்கே அணுகலாம்?

வடசென்னையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் மருத்துவப் பிரிவையும், எழும்பூரில் 1819ஆம் ஆண்டு முதல் மரபு கொண்ட மண்டலக் கண் மருத்துவ நிலையம் மற்றும் அரசு கண் மருத்துவமனையையும் அணுகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளோர், மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மையத்தில் தங்கள் தகுதியைக் கேட்டறியவும். மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108.

வீடு திரும்பும் முன் எழுதி வாங்க வேண்டியவை

1. எந்தக் கண்ணில் அறுவை நடந்தது?
2. கண்ணில் உள்ளது வாயுவா, எண்ணெயா? வாயு எனில் எது?
3. தலையை எந்த நிலையில் வைக்க வேண்டும்? பகலில் எப்படி, இரவில் எப்படி?
4. மணிக்கு எவ்வளவு நேரம்? எத்தனை நாள்?
5. எந்த நாளில் மறுபரிசோதனை?
6. அவசரத்திற்கு எந்த எண்ணில் அழைப்பது?

இந்த ஆறு விடைகளும் தாளில் இருக்க வேண்டும். உடனிருப்பவரிடம் அத்தாளின் படி ஒன்று இருக்க வேண்டும். விடை புரியாவிட்டால், செவிலியரிடம் அந்நிலையைச் செய்து காட்டச் சொல்லி, நீங்களும் ஒருமுறை செய்து பார்த்த பின்னரே மருத்துவமனையை விட்டுப் புறப்படவும்.